மூடி போட்ட பனி

கானுக்குள் வழுக்கிக் கணுக்கால் வீங்கி
இன்றோடு மூன்று நாள்.
பெரட்டு நான் இல்லாமலே முடிந்துவிட்டது.
இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்தவளை
எதிர்க் காம்பராப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்:
"சும்மாதானே இருக்கீங்க, சாப்பிட வாங்க."

அடுப்பு மூன்று கல். ஒன்று உயரம்,
அதனால் சட்டி எப்போதும்
மஸ்கெலியாப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.
சட்டி என்றால் பிஸ்கட் டின்.
அகப்பை, முள்ளெல்லாம் உதிர்ந்த பல்பிரஷ்.

கலைவேணி செங்கல்லைத் தேய்த்துத் தூள் எடுக்கிறாள்.
"இன்னைக்கும் அது மொளகாய்தானா?"
மிதுஷன் கேட்கிறான்.
யோசிக்கிறாள்.
"இல்ல, இன்னைக்கு அது சூடு."
இரண்டு கரண்டி சூடு போட்டாயிற்று,
இனி விறகு வேண்டாம்.

மானாப்புல் நூடுல்ஸ் ஆனது.
தேயிலைப் பூவின் மஞ்சள்
முதலில் முட்டை, பிறகு பணம்,
பிறகு ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள்,
அப்படியே போட்டுக் கிண்டினார்கள்.
நாலு வயது ரொசாலி
தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி உள்ளே போட்டாள்.
யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை,
அது என்ன என்று மட்டும் கேட்டார்கள்.
"வேகுது," என்றாள்.
சரி என்று மூடினார்கள்.

என் ரொட்டிக்கு மாவு இரண்டு சுண்டு.
தண்ணீர் கூடிவிட்டால் சேர்க்க வேறு மாவில்லை.
தேங்காய் ஒரு பாதி இன்று, மறு பாதி வெள்ளிக்கிழமை.
மலையிலிருந்து இறங்கினால் தராசு,
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
இந்தக் கை அளக்காமல் எதையும் தொட்டதில்லை.
அதனால்தானோ என்னவோ
வெங்காயம்தான் முதலில் வதங்க வேண்டும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சேம்பிலையில் பரிமாறிவிட்டார்கள்.

சப்புக்கொட்டினேன்.
"உப்புக் கொஞ்சம் பத்தாது."

கலைவேணி இடுப்பில் கை வைத்தாள்.
"என்ன இல்லன்னு யாரு கேட்டா?
என்ன இருக்குன்னு சொல்லுங்க."

இலையை மறுபடி கையில் எடுத்தேன்.
கண்ணை மூடி, அவசரப்படாமல்.
நடந்த ருசி, என்றேன்.
மேட்டில் ஏறின ருசி.
கடைசியில் கொஞ்சம்
அட்டை கடித்த இடம் மாதிரி.
மிதுஷன் மற்ற இருவர் பக்கம் திரும்பினான்:
"பாத்தியா, நான் போட்டது அதுதான்!"
என்ன போட்டான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது.
சமையல் அப்படியே நின்றது.
டின்னைத் திறந்து தூக்கிக்கொண்டு
மூவரும் பீலிவரை ஓடினார்கள்,
ஓடி, அள்ளி, சடாரென்று மூடி,
மூடியின் மேல் கல் வைத்து
அடுப்பில் ஏற்றினார்கள்.
இது என்ன கறி என்றேன்.
"இன்னும் தெரியல.
வெந்தா தெரியும்."

எதிர்ச் சவுக்கு மரம் போனது.
கீழ்லயத்துத் தகரம் போனது.
பிள்ளைக் காம்பராவின் பச்சைக் கதவு
ஒரு நிமிடம் தனியாகத் தொங்கி
அதுவும் போனது.
கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்களின்
பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, ஆளில்லாமல்.

மிதுஷன் கல்லை எடுத்தான், மூடியைத் திறந்தான்.
உள்ளே பனி இல்லை.
தலையைத் தூக்கினான்.
மலை முழுக்க வெள்ளை.
"ஐயய்யோ," என்றான் மெதுவாக,
"பொங்கி வழிஞ்சிருச்சு."

யார் துடைப்பது என்று அவர்கள் சண்டை போடுகையில்
வெள்ளைக்குள்ளிருந்து ரொசாலியின் அம்மா கூப்பிட்டாள்,
ஒற்றைச் செருப்பு எங்கேடி என்று.
ரொசாலி டின்னுக்குள் கைவிட்டாள்,
செங்கல் தூளும் புல்லும் ஒட்டிய செருப்பை
விரலால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

"வெந்துருச்சு," என்றாள்,
காலில் மாட்டிக்கொண்டு போனாள்.