ஈரக் கழிவு

கட்டபெட்டில் பெள்ளி அண்ணன் கடையில்
ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.
வெளியே மூடுபனி. உள்ளே
தீர்ப்பாயம் திரையில் உறைந்து உறைந்து பேசியது.

லேப்பில் யாரோ விரல் தவறி அனுப்பிய என் ரிப்போர்ட்
இலை வாங்கும் ஃபேக்டரியின் வாட்ஸப் குரூப்பில் விழுந்தது
போன வருஷம் ஆவணியில்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அன்றிலிருந்து எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ.

ஆணையத்துக்கு எழுதினேன்.
ஏழு மாதம் கழித்து நான்கு வரி.
பரிசீலித்தோம். லேப் வருத்தம் தெரிவித்தது.
மேல் நடவடிக்கை தேவையில்லை.
கோப்பு முடிக்கப்பட்டது.

"பதில் வந்ததா அம்மா?"
வந்தது ஐயா. தப்பான பதில்.
"வந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்."
வந்தது.
"அப்படியானால் எங்கள் வேலை அங்கே முடிகிறது.
கிடப்பில் போட்டிருந்தால் எடு என்போம்.
பேசாமல் இருந்தால் பேசு என்போம்.
என்ன பேச வேண்டும் என்பதைச்
சட்டம் எங்கள் கையில் தரவில்லை."
குரலில் கெடுதல் இல்லை.
அவருக்கும் கொஞ்சம் சளி பிடித்திருந்தது.

எனக்கா புரியாது?
இலைக் கொட்டகையில் பதினோரு வருஷம் நின்றவள்.
மழை நாளில் நூற்றுக்குப் பத்து கிலோ ஈரக் கழிவு.
வெயில் நாளிலும் அதே பத்து.
மாதம் ஒருமுறை ஒருவர் வந்து
எடை போட்டார்களா, சீட்டு கொடுத்தார்களா பார்ப்பார்.
தராசைத் தொட மாட்டார்.
தொட அவருக்கு உத்தரவில்லை.
சீட்டை வேகவைத்துத் தின்னவா என்று
ரங்கி அக்கா ஒருநாள் கேட்டாள்.
மறுநாள் அவளுக்கு இருபது கழித்தார்கள்.
அதற்கும் சீட்டு உண்டு.

லைன் அறுந்தது.
பெள்ளி அண்ணன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுவதற்குள்
விசாரணை முடிந்திருந்தது.
அறுபது ரூபாய் கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை.

மார்கழியில் உத்தரவு வந்தது, ஜன்னல் வைத்த கவரில்.
மடிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது போல.
ஜன்னலில் என் பெயர். அதன் கீழே
'பொருள்' என்று ஆரம்பித்து
நோயின் பெயர் முழுசாக, ஒரு பிழையில்லாமல்.
தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.
படித்தவர்தானே திருப்புவார்.

இதற்கும் புகார் எழுதலாம்.
பதில் வரும்.

இதுவரை படித்தவர்கள்
இரண்டு சொற்களை இதில் தேட வேண்டாம்.
ஒன்று நோய். இன்னொன்று நான்.
கட்டபெட்டு கட்டபெட்டு இல்லை.
பெள்ளி அண்ணன் பெயரும்
பெள்ளி இல்லை.