யானை ஒன்று கூடுதல்

ரஸ்ஸலின் வலது கைக்கு இப்போது
தனியாக ஒரு வானிலை.
ஆற்றங்கரையில் அடுக்கி வைத்த அட்டைச் சில்லுகளை
ஒற்றை விரலால் தொட்டதும்
பட்டாலியன் ஒன்று பாலத்திலிருந்து சரிந்து
காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது.
இரண்டு மணி நேரப் போர் அதோடு சரி.
"இனி எனக்கு டிவி போதும்" என்றார்.
ட்ரான்ஸ்கோனா யார்டில் நாற்பது வருடம்
சரக்குப் பெட்டிகளைக் கோத்துக் கழற்றிய கை.

அன்றிரவே ஆட்டப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
வாசலில் கார், சுவரோடு மின்கயிற்றில்
கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது.

எனக்கு வேலை ரீஜன்ட் அவென்யூவில், டைல்ஸ் கடையில்.
மாடல் மாறினால் சாம்பிள்களைக்
குப்பையில் கொட்டச் சொல்வார்கள்.
ஓரங்குலச் சதுரங்கள். கல்லின் கனம்.
கனத்தைப் பிடித்தால் நடுங்கும் கை
கொஞ்சம் அடங்கும்.
மேற்குப் படைக்கு 'ஈரச் சாம்பல்',
கிழக்குக்கு 'கோதுமைப் பால்'.
எந்தத் தளபதியும் தன் படைக்கு
இவ்வளவு மெத்தென்ற பெயர் வைத்திருக்க மாட்டான்.

இருநூற்றுப் பதினான்கு சில்லுகள்.
ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலை, நகவெட்டியால் ஒரு கடி,
பசை, டைல்,
மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ்.
மூன்று நாள் சமையலறையில்
பியூட்டி பார்லர் வாசம்.
குழம்புக் கரண்டி தேடி வந்த சேந்தன்
குதிரைப்படையை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டான்:
"போர் எப்ப முடியும்?"
"காய்ஞ்சதும்."

அடுக்குவதுதான் பெரும்பாடு.
விதிப்புத்தகம் எண் வரிசையில் வை என்கிறது.
ரஸ்ஸலின் கைக்கு வேறு வரிசை:
அடிக்கடி எடுப்பது அருகில்,
செத்தது தூரத்தில்.
பன்னிரண்டு குழி மஃபின் தட்டு.
குழியின் சரிவில் விரலை இழுத்தால்
காய் தானாக ஏறி வருகிறது.
இதைக் கண்டுபிடிக்க
என் கையை நானே வேண்டுமென்று ஆட்டிக்கொண்டு
ஒரு மாலை முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

குழிக்கு ஓர் எழுத்து, மார்க்கரில்.
பழக்கத்தில் தமிழில் எழுதிவிட்டேன்.
கா, காலாள். கு, குதிரை.
பீரங்கிக்கு எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.
அழிக்கவில்லை.

புதன்கிழமை அந்தக் குழியைக் காட்டிக் கேட்டார்.
உச்சரிப்பையும் சொன்னேன், அர்த்தத்தையும் சொன்னேன்.
எழுபத்தாறு வயது மனிதர்
மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
அதிலிருந்து குண்டு போடும்போதெல்லாம்
முழங்குகிறார்:
"பீ! பீ!"

ஒரு டைல் மிஞ்சியிருந்தது, யார் பக்கமும் சேராத நீலத்தில்.
நாற்படையில் தேரும் யானையும்
இந்த ஆட்டத்தில் இல்லையே என்று
ஒரு யானை வரைந்திருந்தேன்.
பன்றி போல வந்ததால்
தும்பிக்கையை நீட்டியிருந்தேன்.
"இது என்ன செய்யும்?"
"நீங்களே சொல்லுங்கள்."
தாடையைச் சொறிந்தார்.
பாலம் வேண்டாம், ஆற்றை நடந்தே கடக்கும்.
யாரையும் கொல்லாது.
அது நிற்கிற இடத்தில் வேறு யாரும் நிற்க முடியாது.
நியாயமாகத்தான் பட்டது.
விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி
கையெழுத்து வேறு போட்டேன், மடைச்சி.

ஒன்பதாம் சுற்று.
என் பாலங்கள் எல்லாவற்றிலும் காவல்.
கை காற்றில் கொஞ்ச நேரம் அலைந்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பனி வழிக்கும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.

டக்.

என் தானியக் கிடங்கின் மேல்
யானை.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏழு படைகள்
பசியோடு.

வீட்டுக்கு வந்ததும் சேந்தன் கேட்டான்:
"விட்டுக் குடுத்தியா?"

இல்லை.
எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், இல்லை.
அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தது
ஒரு நிமிடம்கூட இருக்காது.

நகவெட்டி எங்கே?
அடுத்த புதனுக்குள்
தேர் காய வேண்டும்.