முப்பத்தாறாம் பல்

முப்பத்திரண்டு பல்தானே மனுசிக்கு,
முப்பத்தாறு எங்கிருந்து வந்தது என்றதும்
சிரித்தாள் வரவேற்பு மேசை சோலான்ழ்.
அது எண்ணிக்கை இல்லை, மதாம் சாமினாதின், முகவரி:
கீழ்த்தாடை, இடப்பக்கம், ஆறாவது வீடு.

அந்த வீட்டுப் படத்தைக் கொடுங்கள் என்றேன்.
டாக்டர் விடுமுறை.
அடுத்த வாரம் இயந்திரம் பழுது.
அதற்கடுத்த வாரம் புயல் எச்சரிக்கை;
அது மட்டும் உண்மை.
பல் என்னுடையது, வலி என்னுடையது,
வலியின் படம் அவர்கள் அலமாரிக்குச் சொந்தம்.

பதிவுத் தபாலில் எழுதினேன்,
சட்டத்தைச் சிவப்பில் அடிக்கோடிட்டு.
ஒன்பதாம் நாள் உறை வந்தது.

சேந்த் ஆந்த்ரேயில் ஒரு பல்லுக்குக் கேட்ட காசில்
மொரீஷியஸ் போய்ப் பல்லும் கட்டி
தங்கைக்குச் சேலையும் எடுக்கலாம்.
முக்கால் மணி விமானம்.
கடல் முழுக்க
நாக்கு அந்தக் குழியிலேயே கிடந்தது.

காத்ர் போர்னில் டாக்டர் முத்தியேன்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
ரொம்ப நேரம் பிடித்தபடியே இருந்தார்.
வேரின் அடியில் வெள்ளையாய் ஒரு கீற்று.
முறிந்த ஊசி.
"தேதியைப் பாருங்கள், ஏழு வருஷம்.
யாரும் சொல்லவில்லையா?"

வாய் நிறையப் பஞ்சு.
சொல்ல வேண்டியதை
ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்வேன்,
பதிவுத் தபாலில்.