இரண்டடிக்கு ஒன்றரை அடி

டானிங்டன் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே என் கடை.
பெயர்ப்பலகை, ஸ்டிக்கர், துணி பேனர்.
பிளாஸ்டிக் கிடையாது, கலெக்டர் உத்தரவு.
அது வந்தபோது
'என் கடை, என் இஷ்டம்' என்று
கோத்தகிரியில் யாரும் கொடி பிடிக்கவில்லை.
முணுமுணுத்தபடி துணிக்கு மாறினோம்.

நேற்று கோடநாடு சாலை காட்டேஜ்காரர் வந்தார்.
ஈரக் குடையை லேமினேஷன் மேசைமேல் சாய்த்துவிட்டு
ஒரு தாளை நீட்டினார்.
'அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.'
இரண்டடிக்கு ஒன்றரை அடி. கறுப்பில் தங்கம்.
"எழுத்து கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்மா."

யாரை மறுப்பீங்க என்று கேட்டேன்.
"போன மாசம் நாலு பையன்க குடிச்சிட்டு
கண்ணாடிக் கதவை உடைச்சானுங்க."
நியாயம்தான்.
"அப்புறம்... உங்களுக்குத் தெரியாததா.
குடும்பம் தங்குற இடம்."

தெரியும்.
அந்த மூன்று புள்ளிக்குள்
நானும் கொஞ்ச நாள் நின்றிருக்கிறேன்.
இந்தக் கடை கிடைப்பதற்கு முன்
ஆறு கடை வாடகைக்குக் கேட்டேன்.
அப்பாவுக்கு எங்கே வேலை?
டான்டீயில்.
பூர்வீகம்?
கண்டியில் பிறந்தார்.
ஓ, சிலோன்காரங்களா.
மறுநாள் போனால்
கடையை மச்சினனுக்குக் கொடுத்திருப்பார்கள்.
ஆறு கடை, ஆறு மச்சினன்.
இந்த மலையில் அவ்வளவு மச்சினன்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
சித்திரையில் ஒரு சனிக்கிழமை மஞ்சரி வந்தாள்.
கட்டபெட்டுவில் பியூட்டி பார்லர் திறக்கிறாளாம்,
பலகை வேண்டும்.
அவள் குரலைக் கேட்டதும்
கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
தலை நிமிர்ந்தார்கள்.
முதலில் அவளை, பிறகு என்னை.
"மெஷின் ரிப்பேர்" என்றேன்.
எனக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
"சரிக்கா," என்றாள்,
"ரிப்பேர் ஆனதும் சொல்லுங்க."

முத்திரைத்தாள் வேலைக்கு வரும் வக்கீல் ஹாலன் சொல்வார்:
கடைன்னு கதவைத் திறந்துட்டா
சாதி, மதம், பிறந்த ஊர், ஆணா பொண்ணா,
இதையெல்லாம் பார்த்து மூட முடியாது.
சாசனத்திலேயே 'கடை'ன்னு எழுதியிருக்கு.
காட்டேஜ் வீடா கடையா சார்?
அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
"அடுப்படியில வீடு, ரசீதுல கடை.
வழக்கு வந்தா ரெண்டு பக்கமும் பேசலாம்."

என்னிடமும் ஒரு மறுப்புப் பட்டியல் உண்டு.
மூவாயிரம் பாக்கி வைத்த பேக்கரிக்காரர்.
எதிர்க்கட்சிக்காரனின் அம்மாவைத் திட்டி
பேனர் கேட்ட வட்டச் செயலாளர்.
பாக்கியைக் கட்டினால் பேக்கரிக்காரர் வரலாம்.
வரியை மாற்றினால் வட்டத்துக்கும் அடித்துத் தருவேன்.
மஞ்சரி எதைக் கட்ட வேண்டும்?
எதை மாற்ற வேண்டும்?

காட்டேஜ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவரை மறுக்க எனக்கு வழியில்லை,
மறுக்க விருப்பமும் இல்லை,
அட்வான்ஸ் ஐந்நூறு மேசையில் இருக்கிறது,
கடை வாடகை இரண்டு மாதம் நிற்கிறது.
"போட்டுத் தரேன்" என்றேன்.
"கீழே காரணத்தையும் எழுதுங்க.
யாருக்கு, எதுக்குன்னு.
அந்த வரிக்குக் காசு வேண்டாம்."

பேனாவை எடுத்தார்.
மூடியைத் திறந்தார்.
வெளியே மூடுபனி இறங்கி
எதிர்ப்பக்க மருந்துக்கடையை அழித்திருந்தது.
மூடியைப் போட்டார்.
"குன்னூர்ல கேள்வி கேட்காம அடிச்சுத் தருவான்" என்று
குடையோடும் ஐந்நூறோடும் போய்விட்டார்.

இன்று ஊட்டி பஸ்ஸில் கட்டபெட்டு தாண்டும்போது பார்த்தேன்.
பார்லர் திறந்துவிட்டது.
பலகை வேறெங்கோ அடித்தது, சாயம் மட்டம்.
'மஞ்சரி'யில் இன்னொரு ர் விழுந்து
'மஞ்சரிர்' என்று இருக்கிறது.
இறங்கிச் சொல்லலாம்.
இலவசமாக மாற்றித் தரலாம்.
முடி வெட்டியும் நாலு மாசமாகிறது.
ஆனால் அது அவள் கடை.
கத்தரிக்கோல் ரிப்பேர் என்று அவள் சொன்னால்
நான் என்ன, வக்கீலிடமா போக முடியும்?

கதவில் ஒரு அட்டை, பேனாவால் எழுதியது:
'வாங்க.'
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி
என்னைப் பார்த்துக் கேட்கிறார்,
இறங்குறீங்களா, இல்லையா?