ஐம்பத்திரண்டு சதவீதம்

வெளியே தோஹா நாற்பத்தாறு டிகிரியில்
கண்ணாடிச் சுவர்மேல் வியர்க்கிறது.
உள்ளே ஈரப்பதம் ஐம்பத்திரண்டு.
மானியைப் பார்த்துக் குறிப்பது என் வேலை.
மலையைப் பார்ப்பது அதில் சேராது.

மூன்றாம் இரவு பார்த்துவிட்டேன்.
பழுப்புப் பட்டில் மை. உச்சிக்கும் ஊசியிலைக் காட்டுக்கும்
நடுவே மூடுபனி.
கிட்டப்போய்க் கண்ணை வைத்தால்
அங்கே ஒன்றுமே இல்லை,
தூரிகை தொடாமல் விட்ட துணி.
என் சம்பளச் சீட்டிலும் இப்படி இடங்கள் உண்டு;
பனிதான் இறங்குவதில்லை.

வானமெங்கும் சிவப்பு முத்திரைகள்.
யார் யாரிடமோ இருந்துவிட்டு வந்திருக்கிறது,
என் பாஸ்போர்ட்டின் பதினோராம் பக்கம்போல.

"பாலத்தில் ஓர் ஆள், பார்த்தாயா?"
காவல் நாற்காலியிலிருந்து மெர்லிட்டா,
உடைந்த இந்தியில்.
எள்ளளவு ஆள். கையில் குடை.
ஒன்பது வாரமாய் அவனைத்தான் காக்கிறாளாம்,
மலையை அல்ல.
பாலத்துக்கு அந்தப் பக்கம் வெறும் துணி.

நாலு மணிக்கு முள் ஐம்பத்து நாலைத் தொட்டது.
விதிப்படி மேலாளரை எழுப்ப வேண்டும்.
கொஞ்ச நேரம் நனையட்டும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு திருகைத் திருப்பி,
பதிவேட்டில்
ஐம்பத்திரண்டு என்றே எழுதினேன்.