தூர்ந்தது

இரண்டாம் ஞாயிறு மிஷின் ஓடாது.
மற்ற ஞாயிறுகளில் ஓடும், ஷிப்மென்ட் இருந்தால்.
திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் கம்பெனி மாடி.
கட்டிங் மேசையைத் துடைத்து
பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிவிடுவோம்.
நாற்பதடி மேசை.
ஐந்து குடும்பத்துக்கு எச்சு.

பல்லடம் கறிக்கோழிப் பண்ணைக்காரர்
தன் பண்ணையில் முட்டை கிடையாது என்பதால்
கடையில் வாங்கிக்கொண்டு வருவார்.
மடகாஸ்கரில் பிறந்த அவர் மகன்
"ஏனுங்" இல்லாமல் ஒரு பேச்சு தொடங்கமாட்டான்.

எந்த ஆபீசில் எந்த ஜன்னல்,
எந்த அதிகாரி மத்தியானத்துக்குமேல் நல்லவர்,
"சொந்தப் பிள்ளைங்களா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால்
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது,
எல்லாம் இந்த மேசையில் கற்றதுதான்.

முதல் வருஷம் நான் வேரிலிருந்து சீவினேன்.
மெஸ்கரம் அழுதாள்.
சீப்பு உடைந்தது.
நானும் அழுதேன்.
மிச்சச் சரக்கு எடுக்க வந்த லேகோஸ்காரரின் மனைவி
என்கெச்சி
கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு
கேட்காமல் உள்ளே வந்தாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ்
பீசு, டஜன், கொறைங்க, அக்கா.
தலையை நனைத்தாள். நுனியைப் பிடித்தாள்.
"அக்கா, ஸ்லோ."
அன்றிலிருந்து அவளும் இரண்டாம் ஞாயிறு.

எந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்கள் இவளை
என்று பங்காளிகள் கேட்டபோது
என் வீட்டுக்காரர் சொன்னார்:
"ஞாயித்துக்கெழமைக் கூட்டமுங்க."
அவர்கள் சிரிக்கவில்லை.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும்.
அண்ணனுக்கு மூன்று தடவை அடித்தேன்.
நான்காவதை அண்ணி எடுத்தாள்.
"கெணத்துக்குள்ள எறங்கியிருக்கறாரு."
அந்தக் கிணறு தூர்ந்து பத்து வருஷம்.

அப்புறம் மடிக்குப் போட்டி.
என்கெச்சியின் புருஷன் ஒட்டிக்கோ வேட்டியில் வந்தார்.
ஈரோட்டு லேப் டெக்னீசியன் பட்டுச் சட்டையில்.
சீட்டுக் குலுக்கினோம்.
பல்லடத்தார் பேர் வந்தது.
சீர்த்தட்டு மட்டும் ஐந்து வந்தது.

பத்தர் மஞ்சள் தொட்டு இடம் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி,
மறுபடி பார்த்தார்.
"ஏனுங்க அம்மிணி,
இது முன்னமே குத்துன காதுங்க.
ரெண்டும். தூந்து போயிருக்குது."

நாலு வருஷம் அந்தக் காதைக் கழுவியவள் நான்.
அம்மைத் தழும்பு என்று இருந்தேன்.

ஹவாசாவிலோ, அதற்கும் உள்ளே ஏதோ ஊரிலோ
ஒரு மடி இருந்திருக்கிறது.
வீறிட்டிருப்பாள்.
வாயில் எதையாவது வைத்திருப்பார்கள்,
வெல்லமாக இருக்காது,
அங்கே என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.
என் வீட்டுக்காரர் அங்கே தையல் லைன் பார்த்தது ஆறு வருஷம்,
அவருக்கும் தெரியாது.
காகிதத்தில்
பெற்றோர் விவரம்: இல்லை.
அந்த இல்லைக்கு எதிரே
எள்ளளவாய் இரண்டு.

மேசையில் யாரும் பேசவில்லை.
என்கெச்சி தன் காதைத் தொட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஊசி வேண்டாமா?"
"வேணும் சாமி. கொஞ்சூண்டு."
"கொஞ்சூண்டுன்னா?"
பத்தர் விரலில் காட்டினார்.
அவள் யோசித்துத் தலையாட்டினாள்.
அவள் அழவில்லை.
அவள் காலைப் பிடித்திருந்த பல்லடத்தார்
மூக்கை உறிஞ்சியது மாடி முழுக்கக் கேட்டது.

தட்டுகளில் நாலைப் பிரித்துத் தின்றோம்.
ஐந்தாவதை நான் எடுத்து
மேசையின் அந்தக் கோடியில் வைத்தேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திங்கள் காலை கட்டிங் மாஸ்டர் கேட்டார்.
"யாருதுங்க இந்தத் தட்டு?"
"ஒரம்பரைக்கு வெச்சதுங்க."
"வரலீங்களா?"
"முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாங்க."

அவர் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு
துணியை விரித்தார்.