இரண்டு துளைகள்

பழைய படுக்கை விரிப்பு ஒன்று வேண்டும் என்றாள் ஜெரூஷா.
வெள்ளை. கறை இருந்தால் பரவாயில்லை,
பேய்க்குக் கறை நல்லது.

ஒக்டோபர் முப்பத்தொன்று.
வெள்ளவத்தையில் அந்திமழை ஓய்ந்து
காலி வீதி முழுக்க ஹோர்ன் சத்தம்.
சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் மண்டையோடு
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
காசாளர் பெண்ணுக்குச் சூனியக்காரித் தொப்பி;
அதைக் கழற்றிக் கழற்றித் தலை சொறிகிறாள்.

சந்தையில் வாங்கிய பூசணி
படத்தில் உள்ளது போல் நிற்கவில்லை.
நம்மூர்ப் பூசணி, சப்பை, தடித்த தோல்,
கண் வெட்டப் போன கத்தி வாய்வரை பிளந்தது.
மனைவி அதைப் பால்விட்டுக் கறி வைத்துவிட்டாள்.

என் அப்பா சூசைதாசன்
கோட்டையில் ஒரு கிளப்பில் தட்டேந்தியவர்.
துரைமார் போன பிறகும்
துரைமார் போலவே இருந்தவர்களுக்கு
இதே இரவில் முகமூடி நடனம்.
விடிந்ததும் மேசைகளில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்
கடதாசியில் சுற்றிக் கொண்டுவருவார்.
அம்மா உருக்கித் திரி வைப்பாள்.
இரண்டு நாள் கழித்து, ஆத்துமாக்கள் திருநாளில்,
மாதம்பிட்டி மயானத்தில்
எங்கள் செத்தவர்களுக்கு
அந்த நடனத்தின் மிச்சம் எரிந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஹலோவீன் தெரியாது.
கதவு தட்டுவது தெரியும்.
இரவு இரண்டு மணி, டோர்ச் வெளிச்சம்,
அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு,
சாரத்தை இறுக்கிக் கட்டவும் நேரமில்லை,
ஜம்பட்டா வீதிச் சந்தியில் வரிசை.
ஜீப்புக்குள் ஒருவன்.
தலையில் சாக்கு. சாக்கில் இரண்டு துளை.
அவன் தலை அசைந்தால்
அசைந்ததுதான்.
எனக்கு அசையவில்லை.
எனக்குப் பின்னால் நின்ற
பேக்கரி ரெஜினோல்டுக்கு அசைந்தது.
துளைகளுக்குள் ஈரம் பார்த்தேன்.
அழுதான் என்றே இன்னும் நினைக்கிறேன்.
வியர்வையாகவும் இருக்கலாம்.

"அப்பா, கண்ணுக்கு வெட்டுங்கோ."

விரிப்பின் மேலாக அவள் முகத்தைத் தடவிக்
கண் எங்கே என்று தேடினேன்.
கூசுது என்று சிரித்தாள்.
கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி எடுத்தேன்.

ஏழு மாடி, இருபத்தெட்டுக் கதவு.
விஜேதுங்க வீட்டில் டொஃபி.
ஃபர்ஹானா வீட்டில் பேரீச்சம்பழம்:
"பேய் பிசாசெல்லாம் எங்களுக்கு இல்ல மகள்,
பிள்ளைக்கு இனிப்பு இருக்கு."
ஐந்தாம் மாடியில் ஒருவர்
கண்ணாடித் துவாரத்தால் பார்த்துவிட்டுத் திறக்கவேயில்லையாம்.
அவருக்கும் என் வயதுதான்.

கடைசியில் எங்கள் கதவையே தட்டினார்கள்.
அவள்தான். தெரியும்.
நடையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.
இருந்தும் என் கை
சட்டைப் பையில் அட்டையைத் தேடியது.

திறந்தேன். ஆறு பேய்கள்.
வெள்ளைப் பேய் என்னை அண்ணாந்து பார்த்துத்
தலையை ஆட்டியது.
"டொஃபி தாங்கோ, இல்லாட்டி..."

இல்லாட்டி என்ன என்பதை
மறந்துவிட்டாள்.